வெடிக்குழாயாகச் சுற்றிய கடைசிப் பக்கங்கள்

ராசா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது நான் சரிப்பா, சரிப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது சம்மதம் இல்லை. வேறு வார்த்தை வாயில் வராததால் சொன்னது. சின்ன வயதில் உன் அப்பா உனக்குச் சொன்ன அந்த ரோபோ நாவல், ‘ஏழாம் நிலவின் காவலன்’, புது அட்டை போட்டு மறுபடி வந்திருக்கிறது என்றாய். தை மாதம் உனக்கும் கயலுக்கும் நடக்கிற கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக அந்தப் புத்தகத்தையே வைத்துக் கொடுக்கப் போகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் ஆர்டர் போட வேண்டும் என்றாய். கல்யாணம் முடிந்த கையோடு நான் புதுப்பட்டி வீட்டைப் பூட்டிவிட்டு உங்களோடு மெட்ராஸ் பக்கம் வந்துவிட வேண்டும் என்றும் சொன்னாய். “அந்தக் கதைக் கடைசியில என்னம்மா நடக்கும்? கப்பல்ல இருக்கிறவுக ஆளுக்கு ஒண்ணைக் கழட்டிப் போட்டுட்டு அந்த நாப்பத்தொண்ணு ரோபோவை ஏத்திக்கிடுவாகள்ல? அப்படித்தான் நானும் கயலும் உன்னை ஏத்திக்கிடப் போறோம்” என்றாய். ராசா, புத்தகத்தில் கடைசியில் அப்படி நடக்கவில்லை. நீ ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் இம்புட்டு நீளமாக எழுதுவாளா என்று நீ நினைப்பாய். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

உன் அப்பா போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்குக் கட்டிலில் ஒரு புத்தகம் இருந்தது, நடுவில் தீக்குச்சி. அவர் அடையாளத்துக்குக் குச்சிதான் வைப்பார், உனக்குத் தெரியும். மூன்று மாதம் நான் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம், வீட்டில் சத்தமே இல்லாமல் கிடந்தது தாங்க முடியாமல், அந்தக் குச்சி வரைக்குமாவது படிப்போம் என்று எடுத்தேன். அவர் கண் பட்ட எழுத்து என்பதற்காகத்தான், வேறு ஆசை இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்ததில் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது. குச்சி இருந்த இடத்துக்கு வந்தபோது ஒரு விண்கலத்தில் ஓட்டை விழுந்து காற்று கசிந்துகொண்டிருந்தது. உள்ளே ஏழு பேர். அங்கே கொண்டுபோய் எப்படி நிறுத்துவது? குச்சியை எடுத்து அடுத்த பக்கத்தில் வைத்தேன். அவர் போகாத பக்கங்களுக்கு நான் போனேன். அழுதுகொண்டே போனேன், ஆனால் போனேன். அந்த ஏழு பேரும் பிழைத்துவிட்டார்கள். ஓட்டையை எதை வைத்து அடைத்தார்கள் தெரியுமா? சமையல்கட்டில் இருந்த மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பேப்பரை மேலே மேலே ஒட்டி! பட்டாசுக்கு வெடிக்குழாய் சுற்றுவதற்காக இருபது வருடம் பசை காய்ச்சினவள் நான். தனியாக உட்கார்ந்து கை தட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு மாரியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதிலிருந்து இன்றோடு இருபத்திரண்டு புத்தகம் ஆகிவிட்டது. உன் அப்பாவின் மூட்டையில் இருந்த பழசு எல்லாம் முடிந்து, நீ தீபாவளிக்கு வந்தபோது மறந்து வைத்துவிட்டுப் போன புதுசு இரண்டும் முடிந்தது. பழைய நாவல்களில் மனிதன் கொடி நட வேறு கிரகத்துக்குப் போகிறான். புது நாவல்களில் இங்கே தண்ணீர் தீர்ந்துபோய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான். மல்லாங்கிணறில் என் பிறந்த வீட்டுப் பக்கம் கிணறு வற்றினால் ஊரே கிளம்புமே, அதே போல. பழைய கதையில் ரோபோவுக்கு மனிதன் ஆக வேண்டும் என்று தவிப்பு. புதுக்கதையில் அதற்கு அந்த ஆசையே இல்லை, என்னைக் கொஞ்சம் சும்மா விட்டால் போதும் என்கிறது. ஒரு ரோபோ பனிக்கட்டிச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறது. ஒரு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுக்கிறது. இதை நான் பட்டாசுக் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை பார்க்கிற மாரியம்மாளிடம் சொன்னேன்.

“லீவு போட்டு எங்கன போச்சு மதினி? கோயிலுக்கா?” என்றாள் மாரியம்மாள்.

“எங்கனயும் போகலைடி. ஒரு பாறை மேல உக்காந்து தூசி விழுகிறதைப் பாத்துக்கிட்டே இருந்துச்சாம், நாள் பூரா.”

“அட, அதைத்தான எங்க வீட்டுக்காரரும் செய்றாரு! அவரும் ரோபோதானோ?”

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மேஸ்திரியே வந்து சத்தம் போட்டார். ஆனால் மறுநாள் அவர்தான் முதலில் கேட்டார், “அந்த லீவைக் குடுத்தானுகளா இல்லையா?” என்று.

இந்த எழுத்தாளர்களோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. இருபத்திரண்டு புத்தகத்திலும் ராக்கெட் கிளம்புகிறது. ஓட்டுகிறவன் பேர் இருக்கிறது, அவன் பொண்டாட்டி பேர் இருக்கிறது, அவன் நாய்க்குக்கூடப் பேர் இருக்கிறது. அந்த ராக்கெட்டுக்கு மருந்து அடைத்தது யார், திரி வைத்தது யார் என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. நானும் ராக்கெட்டுக்குக் குச்சி கட்டுகிறவள். குச்சி ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் வானத்துக்குப் போக வேண்டியது வைக்கோல் படப்புக்குப் போகும். எம்புட்டு பெரிய ராக்கெட்டாக இருந்தாலும் தரையில் நின்று யாரோ ஒருத்தி கை நடுங்காமல் வேலை பார்த்திருப்பாள் இல்லையா? அவளைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் சொல். ஆர்டர் போட்டு வாங்கிப் படிக்கிறேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

உனக்கு அப்போது ஏழு வயது. நான் வீட்டிலிருந்தே வெடிக்குழாய் சுற்றிக்கொண்டிருந்தேன். பழைய பேப்பரும் புத்தகமும் மூட்டையாக வரும். அதை வெட்டிப் பசை தடவிக் கம்பியில் சுற்றி உருவி எடுப்பேன். உன் அப்பா கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். மூட்டை வந்தால் முதலில் அவர்தான் கவிழ்த்துப் பார்ப்பார். வானம், கிரகம், ரோபோ என்று எது கிடைத்தாலும் அவர் பக்கம் போய்விடும். அப்படிக் கிடைத்ததுதான் இந்த நாவல். ஏழாவது நிலவில் ஒரு சுரங்கம். காற்று தீர்ந்துபோய் மனிதர்கள் எல்லாரும் கப்பல் ஏறிப் போகிறார்கள். வழி தெரிய ஒரு பெரிய விளக்கு அங்கே எரிகிறது. நாங்கள் திரும்பி வரும்வரை அணையாமல் பார்த்துக்கொள் என்று ஒரு ரோபோவை விட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பேர் கிடையாது, நம்பர்தான், நாற்பத்தொன்று. நூறு வருடம் அது விளக்கைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தன் கையிலிருந்தே ஆணியைக் கழற்றி விளக்குக்குப் போட்டுக் காத்திருக்கிறது. தினமும் சாயங்காலம் ஒரு அத்தியாயம் உனக்குப் படித்துச் சொல்வார். நீ சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பாய்.

தீபாவளி சீசன். லோடு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சன்னல் பக்கம் சாய்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு விடிந்ததிலிருந்து இடுப்பு கழன்று போகிறது. திடீரென்று ‘ச்சே, பாவம்’ என்று கண்ணைத் துடைத்தார். யாருக்கு என்று கேட்டேன். நாற்பத்தொன்றுக்காம். அது தனியாக வேலை பார்க்கிறதாம். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. இங்கே ஒருத்தி தனியாக வேலை பார்ப்பது தெரியவில்லை, எங்கேயோ நிலாவில் இருக்கிற இரும்புக்கு இரக்கப்படுகிறார் என்று. அவர் டீ குடிக்க வெளியே போனதும் புத்தகத்தை எடுத்தேன். பின்பக்கம் தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாள்களை அப்படியே உருவி வெட்டிச் சுற்றிவிட்டேன். கடைசியில் புத்தக விளம்பரம்தான் இருக்கும் என்று நினைத்துச் செய்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். உன்னிடமும் அதையே சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று இந்தக் கடிதத்தை இரண்டு முறை தொடங்கிக் கிழித்தேன். அது பொய் ராசா. எனக்கு அந்த அளவுக்குப் படிக்கத் தெரியும். கத்தி வைக்கும்போது ‘நாற்பத்தொன்று’ என்ற எழுத்தைப் பார்த்தேன். பார்த்துத்தான் வெட்டினேன்.

அவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. சுற்றி அடுக்கிய குழாய்கள் முன்னால் குத்தவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ‘கதவு’ன்னு இருக்கு… இது ‘இறங்கி’… ஏ புள்ள, இது என்ன, ‘வெளிச்ச’மா ‘வெளிச்ச’த்தையா?” என்றார். வெளியில் தெரிந்த எழுத்து ஒரு குழாய்க்கு ஒரு வார்த்தைதான். மீதி எல்லாம் பசைக்குள் போய்விட்டது. அதற்குள் ஏஜெண்ட் வண்டியோடு வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, இந்தக் கட்டை மட்டும் நாளைக்கு எடுத்துக்கிடக் கூடாதா?”

“ஏய்யா, சீசன்ல ஒரு கட்டுக்கு நான் இன்னொரு நடை வரவா? தூக்கி வை.”

அவரே தூக்கி வைத்தார். லோடு ஏற்றுகிற கை. அன்றைக்கு அந்தக் கட்டை இறக்கி வைத்த மாதிரி மெதுவாக அவர் எதையும் இறக்கி வைத்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் நீ கேட்டாய். “கப்பல் வந்துருச்சுல்லப்பா? அப்புறம்?” நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கப்பல் கதவு திறந்ததாம். அந்தக் காலத்து ஆட்களின் பேரன் பேத்திகள் இறங்கினார்களாம். நாற்பத்தொன்று ஓடிப்போய், “வாங்க, சாப்பிட்டீகளா?” என்றதாம். வாயே இல்லாத ரோபோ சாப்பிட்டீகளா என்று கேட்டதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு கப்பல்காரன் கையை விரித்துவிட்டானாம், இதை ஏற்றினால் எடை கூடிப்போகும், கப்பல் எழும்பாது என்று. அப்போது ஒரு கிழவி செருப்பைக் கழற்றி வெளியே போட்டாளாம். ஒருத்தன் பெட்டியைப் போட்டான். ஒருத்தி வளையலைக் கழற்றினாள். இன்னொருத்தன் முடியை மழித்துப் போட்டான். ஆளுக்கு ஒன்றாகப் போட்டுப் போட்டு நாற்பத்தொன்றின் எடைக்குச் சரியாக வந்ததும் அதை ஏற்றிக்கொண்டு போனார்களாம். எடை தெரிந்த லோடுமேன் கட்டிய முடிவு அது. எனக்கு அன்றைக்கே தெரியும். உனக்கு மட்டும் தெரியாது. கயலைப் பெண் பார்க்கப் போன அன்று தனியாகப் பேசச் சொன்னபோது நீ இந்தக் கதையைத்தான் சொன்னாய் என்றும், அதைக் கேட்டுத்தான் அவள் சரி என்றாள் என்றும் நீ சொன்ன நாளிலிருந்து எனக்குப் பயம்தான்.

ஆக, திங்கட்கிழமை விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். புத்தகக் கடையில் இருந்த பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“யாருக்குக்கா, பேரனுக்கா?”

“எனக்குத்தான்.”

“இது ரோபோக் கதைக்கா. கோலப் புத்தகம், சமையல் எல்லாம் அங்கன இருக்கு.”

“கோலம் நான் உனக்குச் சொல்லித் தாரேன்லே. நீ அந்த ரோபோவை எடு.”

திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறியதும் பின்னாலிருந்து பிரித்தேன். எனக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பக்கங்கள்தானே. புதுப்பட்டி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் வந்து நின்றார். “யக்கா, வண்டி இதோட முடிஞ்சிருச்சு. எறங்கலையா? என்ன, அழுகுறீகளா?” என்றார். அழுதேன், ஆனால் சந்தோசமாக இருந்தது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கதையையே சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன், கேள்.

கப்பல் வருகிறது. கதவு திறக்கிறது. மனிதர் யாரும் இல்லை. ஒரு சின்ன ரோபோ மட்டும் இறங்குகிறது. மனிதர்கள் எல்லாரும் வேறு சூரியனுக்குப் போய்விட்டார்கள், இந்த வழியாக இனிமேல் யாரும் வர மாட்டார்கள், நீ விளக்கை அணைத்துவிட்டு இந்தக் கப்பலில் ஏறிக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள் என்கிறது. அனுப்பியவர்கள் எங்கே என்று நாற்பத்தொன்று கேட்கிறது. இந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் அவர்களும் இல்லாமல் போய்விட்டார்கள் என்கிறது. நாற்பத்தொன்று கடைசியாக ஒரு தடவை விளக்கைத் துடைக்கிறது. பிறகு அணைக்கிறது. அணைத்ததும், ராசா, வானம் முழுக்க நட்சத்திரம்! அந்த விளக்கு அவ்வளவு வெளிச்சம். அது எரிந்த நூறு வருடமும் நாற்பத்தொன்று ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்த்ததில்லை. சின்ன ரோபோ ‘இடம் இருக்கிறது, ஏறு’ என்று கூப்பிடுகிறது. ‘நீ போய் வா. நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை’ என்கிறது நாற்பத்தொன்று. அவ்வளவுதான். புத்தகம் முடிந்துவிட்டது.

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். “அப்ப ஏறலையாக்கா? இடம் இருந்தும் ஏறலையா?” என்றார். திரும்பிப் போகும்போது என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை. மறுநாள் பார்த்தபோது, “யக்கா, எனக்கு ராத்திரி பூரா அதே யோசனை. அது செஞ்சதுதான் சரி” என்றார்.

இந்த முடிவை நான் உன் அப்பாவிடமிருந்து வெட்டி எடுத்துவிட்டேன். அதுதான் என் தப்பு. அவர் இதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இனிமேல் யாருக்கும் தெரியாது. இதற்கு நான் என்ன செய்தாலும் ஈடு கிடையாது. கோபத்தில் கையில் கத்தி எடுக்காதே என்று உனக்குப் புத்தி சொல்லலாம், அதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறவள் இடுப்பு வலியோடு வேலை பார்க்கும்போது எங்கேயோ இருக்கிறதற்காகக் கண்ணைத் துடைக்காதே. அவளுக்கு இரண்டு குழாய் சுற்றிக் கொடுத்துவிட்டு அப்புறம் துடைத்துக்கொள். உன் அப்பா நல்லவர்தான். ஆனால் அது அவருக்கு வரவில்லை. எனக்கும் வாயைத் திறந்து கேட்க வரவில்லை.

கயலிடம் நேற்றே சொல்லிவிட்டேன். நீ கோபப்படாதே. வழக்கம் போல ‘சாப்பிட்டீங்களா அத்தை’ என்று போன் பண்ணினாள், எனக்கு அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“அத்தை, அப்ப செருப்பைக் கழட்டிப் போட்ட கிழவி புத்தகத்துலயே இல்லையா?”

“இல்லத்தா.”

“மாமாவா யோசிச்சதா?”

“அம்புட்டும் அவர்தான்.”

“அப்படின்னா இன்னும் நல்லதாப் போச்சு. நான் கதை படிச்சவரு மகனைக் கட்டிக்கிடப் போறேன்னு நினைச்சேன். கதை கட்டுனவரு மகனையில்ல கட்டிக்கிடப் போறேன்!”

அப்படிச் சொன்னாள் உன் கயல். பிறகு அவளே யோசனை சொன்னாள். புத்தகத்தை நீ நினைத்தபடியே எல்லாருக்கும் கொடுக்கலாம், மாமா சொன்ன முடிவையும் தனியாக ஒரு தாளில் அச்சடித்து உள்ளே வைத்துவிடலாம் என்று. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். நான் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். அந்தத் தாளின் அடியில், இந்த முடிவு எப்படி வந்தது, கடைசிப் பக்கங்களைத் தெரிந்தே வெட்டியது யார் என்பதும் அச்சாக வேண்டும். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள், பேசட்டும். ஆர்டரை நீ தாராளமாகப் போடலாம்.

உங்களோடு வருவதைப் பற்றி. ஆளுக்கு ஒன்றைக் கழற்றிப் போடும் அந்த முடிவு உனக்கும் கயலுக்கும் ரொம்பப் பொருத்தம். இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதென்றால் அதுதான் வேலை, தினமும் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்த எடைக் கணக்கில் என்னை வைக்காதே. நான் இங்கே யாருக்காகவும் விளக்கு ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன், உண்மைதான். இப்போது காலையில் கம்பெனி, மத்தியானம் மாரியம்மாளுக்கும் மேஸ்திரிக்கும் கதை, சாயங்காலம் புத்தகம். சனிக்கிரகத்து வளையத்துக்குள் ஒரு குடும்பம் ஆடு மேய்க்கிற நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது. ஆடுகள் உண்மையான ஆடா ரோபோவா என்று அந்த வீட்டுக்காரிக்கே சந்தேகம். எனக்கும் சந்தேகம். கண்டக்டர் வேறு பார்க்கும்போதெல்லாம் கேட்டு உயிரை எடுக்கிறார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே வருகிறேன். உன் கம்பெனியில் காருக்குத் தகடு பற்றவைக்கிற அந்த ரோபோக்களை என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டு. அதுகள் பேசாது என்று நீ சொன்னாய், பரவாயில்லை, நான் பேசிக்கொள்கிறேன். மறுவீடு முடிந்ததும் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். போக மட்டும் டிக்கெட் போட்டுவிடாதே, திரும்பவும் சேர்த்துப் போடு. பகல் வண்டியாக, சன்னல் பக்கமாகப் பார்த்துப் போடு. வழி பூரா படித்துக்கொண்டே வர வெளிச்சம் வேண்டும்.

உன் அம்மா